வழியும் நெறியும்: தஞ்சோங் மாலிம் சாலை கூறும் வரலாறு

'நெறி' என்னும் சொல் கால் நடக்கும் பாதையையும் குறிக்கும். மனிதன் நடக்கவேண்டிய ஒழுக்கத்தையும் குறிக்கும். 'ஆறு', 'வழி' என்பனவும் அத்தகையனவே. பாதை அமைத்துவிட்டால் மட்டும் போதாது, அதில் செல்வோனுக்கும் ஒழுங்கு வேண்டும் என்பதை நம் மொழி ஒரே சொல்லில் அடக்கிவைத்திருக்கிறது. அவ்வுண்மைக்குப் பேராக் மாநிலத்தின் தென்கோடியிலுள்ள தஞ்சோங் மாலிம் ஒரு சான்று.

'மாலிம்' என்னும் மலாய்ச் சொல் சமயக் கல்வியில் தேர்ந்தவரையும் மரக்கலம் செலுத்துபவரையும் சுட்டும். ஆசிரியரைக் குறிக்கும் 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல்லே அதன் மூலம். நம்முடைய 'மாலுமி'யும் அதன் வழி வந்ததே. 2016ஆம் ஆண்டில் இவ்வட்டாரம் தனி மாவட்டமானபோது அதற்கு 'முவாலிம்' என்றே பெயரிட்டனர்.

பேராக்கையும் சிலாங்கூரையும் பிரிக்கும் பெர்னாம் ஆற்றங்கரையில் அமைந்தமையால், வடக்கையும் தெற்கையும் இணைத்த பழைய நெடுஞ்சாலை இவ்வூரைத் தொட்டே சென்றது. ஆங்கிலேயர் காலத்தில் இந்நாட்டின் சாலைகளுக்காகக் காடு வெட்டியவருள்ளும் கல் உடைத்தவருள்ளும் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினர். பணமோ அரசாங்கக் கருவூலத்திலிருந்து வந்தது. மலாய் மாநிலங்களில் ஈய ஏற்றுமதித் தீர்வையே அதன் முதன்மையான ஊற்று; அதனுடன் அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின் குத்தகைப் பணமும் சேர்ந்தது. நீரிணைக் குடியேற்றப் பகுதிகளிலோ, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசாங்க வருவாயில் ஏறத்தாழப் பாதி அபினால் வந்தது. 1910ஆம் ஆண்டில் அங்கே குத்தகைதாரரை நீக்கிவிட்டு அரசாங்கமே அபின் வாணிகத்தை ஏற்றது. தோட்டப்புறங்களில் கள்ளுக்கடைகள் நடந்தன. எந்தக் கல் எந்த வரியால் வாங்கப்பட்டது என்று பிரித்தறிய இயலாது. ஆயினும் மயக்கம் விற்ற பணமும் சாலையில் கலந்திருந்தது என்பதை மறுக்கவும் இயலாது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஆங்கிலேயர் திரும்பிய பின்னரே அபின் விற்பனை முற்றாகத் தடை செய்யப்பட்டது.

விடுதலைக்குப் பின், சாலைக்கான பணத்தை யார் தருவது என்னும் வினாவுக்குப் புதியதொரு விடை இவ்வூரிலேயே பிறந்தது. 1966இல் தஞ்சோங் மாலிமுக்கும் சிலிம் ரிவருக்கும் இடையே திறக்கப்பட்டதே இந்நாட்டின் முதல் சுங்கச் சாலை. பயன்படுத்துவோரே செலவைத் தாங்கவேண்டும் என்பது அதன் கொள்கை. வடக்கு தெற்கு விரைவுச் சாலை நிறைவுற்ற 1994இல் அப்பழைய சுங்கம் நீங்கியது. முதலாம் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று போற்றிய தமிழருக்கு இது விளங்காத செய்தியன்று. ஆனால் இங்கே சுங்கம் மறையவில்லை. பழைய சாலையை விட்டுப் புதிய சாலைக்கு இடம் மாறியது.

சாலை அகன்றது, வேகம் வளர்ந்தது. 2003இல் புரோட்டோன் கார்த் தொழிற்சாலையும் இங்கே இயங்கத் தொடங்கியது. சட்டமும் கடுமையாயிற்று. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 2020இல் திருத்தப்பட்டது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றிருந்த மதுவின் வரம்பு 50 ஆகக் குறைந்தது. மதுவாலோ போதைப்பொருளாலோ நிலை தவறி வாகனம் ஓட்டி உயிரிழப்பு விளைவித்தால், முதற் குற்றத்திற்கே 10 முதல் 15 ஆண்டுச் சிறையும் 50,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமும் உண்டு.

எனினும் ஒரு வேறுபாட்டைக் கருதவேண்டும். மதுவுக்கு அளவு சொல்ல எண் இருக்கிறது; ஊதச் சொன்னால் கருவி காட்டிவிடும். போதைப்பொருளுக்கு அத்தகைய எளிய எண் இல்லை. சிறுநீர்ச் சோதனை உடலில் போதைப்பொருளின் சுவடு உண்டென்று காட்டும். ஓட்டும் பொழுதில் அறிவு மயங்கியிருந்ததா என்பதை அது மட்டும் காட்டாது. பெருநாட்களையொட்டிப் பேருந்து ஓட்டுநரைச் சோதிக்கும் வழக்கம் நன்று. ஆனால் பயணிகள் ஆண்டு முழுவதும் ஏறுகிறார்கள்.

போதை ஒன்றே பகையன்று. 2025 ஜூன் 9ஆம் நாள், திரங்கானு மாநிலத்தின் ஜெர்த்தேவிலிருந்து தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திற்குத் திரும்பிக்கொண்டிருந்த பேருந்து கிரிக் அருகே விபத்துக்குள்ளாகி மாணவர் 15 பேர் மாண்டனர். 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தோன்றிய நிலையம் அது. அவர்கள் சென்ற கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை, பெருங்காட்டை ஊடறுத்து நெடுங்காலம் உழைத்து அமைக்கப்பட்டு 1982இல் திறக்கப்பட்டது. அவ்விபத்தையொட்டிப் பேசப்பட்டவை வேகமும் வாகனத்தின் நிலையும் கண்காணிப்புமே. அடுத்த மாதமே விரைவுப் பேருந்துகளில் இருக்கைப் பட்டை கட்டாயமாயிற்று. பதினைந்து இல்லங்களுக்கு அது காலங்கடந்த கட்டளை.

இவ்வரலாற்றினின்று பெறப்படுவது ஒன்றே. வழிக்குச் செய்யும் செலவு கண்ணுக்குத் தெரியும். திறப்புவிழா உண்டு, கல்வெட்டு உண்டு. நெறிக்குச் செய்யும் செலவு தெரியாது. சோதனைக் கூடமும், வாகனத் தடையைப் பார்க்கும் பணியாளரும், ஓட்டுநருக்குப் போதிய ஓய்வும், போதைக்கு அடிமையானவருக்கு மருத்துவமும் அச்செலவைச் சார்ந்தவை. திறப்புவிழா இல்லாத அச்செலவைச் சுருக்கிவிட்டுச் சாலையை மட்டும் அகலப்படுத்துவது, மாலுமியைச் சோதியாமல் மரக்கலத்தைப் பெரிதாக்குவதற்கு ஒப்பாகும்.