பழவேற்காட்டுக் கைக்குட்டையும் மெக்சிக்கோ நாட்டுப்புறக் கலையும்

மெக்சிக்கோ நாட்டுப்புறக் கலையின் சாயலில் உருவாக்கப்படும் கலப்பு ஊடக ஓவியங்களில் சில பொருட்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பூ வரைந்த மண்டையோடு, செண்டுமல்லிப் பூ, சுடர் எழும் இதயம், புடைப்பு உருவம் தட்டிய தகரம், கத்தரித்த வண்ணத்தாள் ஆகியவற்றோடு ஒரு சிவப்புக் கைக்குட்டையும் இருக்கும். சில ஓவியர் அதைத் தீட்டுவர். சிலர் துணியையே வெட்டிப் பசையிட்டு ஒட்டுவர். மெக்சிக்கோ மக்கள் இத்துணியைப் 'பாலியாகாத்தே' என்கின்றனர். இப்பெயருக்குரிய ஊர் திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு நேர் கிழக்கே ஏரிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கும் பழவேற்காடு ஆகும்.

பெயரும் துணியும்

பழவேற்காட்டைப் போர்த்துக்கேயர் 'பலியாகாத்' என்ற ஒலிப்பில் எழுதினர். ஆங்கிலேயர் நாவில் அது 'புலிக்காட்' ஆனது. ஊர்ப்பெயரே அங்கிருந்து ஏற்றுமதியான துணிக்கும் பெயரானது. ஆங்கிலத்தில் வண்ணக் கட்டம் போட்ட கைக்குட்டைக்குப் 'புல்லிகேட்' என்ற சொல் வழங்கியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பகுதி நெசவாளர்கள் அதே மாதிரியில் நெய்தபோது, தங்கள் துணிக்கும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டனர். மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் 'காயின் பெலேக்காட்' என்றுதான் பெயர். நம் ஊர்த் துணிக்கடைகளில் 'பளையகாட் கைலி' என்று கேட்டு வாங்கியவர்களும் அறிந்தோ அறியாமலோ பழவேற்காட்டின் பெயரைத்தான் சொன்னார்கள்.

மெக்சிக்கோவில் இச்சொல்லுக்கு வேறொரு விளக்கமும் சொல்லப்படுகிறது. அந்நாட்டின் பழங்குடி மொழியான நாவாட்டிலில் வண்ணம், மூக்கு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் சேர்ந்து உருவானது என்பது அவ்விளக்கம். கேட்பதற்குப் பொருத்தமாக இருந்தாலும், ஆங்கிலம், மலாய், ஸ்பானியம் ஆகிய ஒன்றுக்கொன்று தொலைவான மூன்று மொழிகளிலும் ஒரே வகைத் துணிக்கு ஒரே ஒலிப்பில் பெயர் இருப்பதை அது விளக்கவில்லை. துணி போன வழியைத் தொடர்ந்து சென்றால் மூன்றும் ஒரே துறைமுகத்தில் முடிகின்றன.

இத்துணிகளின் மதிப்பு அவற்றின் சிவப்பில் இருந்தது. சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான நிலத்தில் விளையும் சாயவேர் என்னும் சிறு செடியின் வேரிலிருந்து அச்சிவப்பு எடுக்கப்பட்டது. இச்செடிக்கு இம்பூறல் என்றும் பெயர் உண்டு. படிகாரம் ஏற்றிய நூலில் இச்சாயம் பிடித்துக்கொண்டால் துவைக்கத் துவைக்க வெளுக்காது. ஐரோப்பாவில் பருத்தியின் மீது இவ்வாறு நிலைக்கும் சிவப்பை ஏற்றும் நுட்பம் அன்று கைவரவில்லை. ஆகவேதான் 1613இல் டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை அதைச் சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக வைத்திருந்தனர். தென்கிழக்காசியத் தீவுகளில் மிளகும் சாதிக்காயும் வாங்க இந்தத் துணிதான் அவர்களுக்குக் காசாகப் பயன்பட்டது.

மணிலா வழியாக அக்கபுல்கோவுக்கு

1565 முதல் 1815 வரை, பிலிப்பைன்சின் மணிலாவுக்கும் மெக்சிக்கோவின் அக்கபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே ஸ்பானியரின் பெருங்கப்பல்கள் பசிபிக் கடலைக் கடந்து சென்று வந்தன. மெக்சிக்கோவிலிருந்து வெள்ளி வந்தது. ஆசியாவிலிருந்து பட்டு, பீங்கான், நறுமணப்பொருள், பருத்தித்துணி ஆகியன போயின. அப்பருத்தியில் ஒரு பகுதி சோழமண்டலக் கரையைச் சேர்ந்தது.

மணிலாவில் ஆங்கிலேயர் நேரடியாக வணிகம் செய்ய ஸ்பானிய அரசு இடமளிக்கவில்லை. எனவே சென்னை வணிகர்கள் தங்கள் சரக்கை ஆர்மீனியர், போர்த்துக்கேயர், இந்தியர் ஆகியோர் பெயரில் அனுப்பினர். இவ்வணிகத்தில் பொருளீட்டியவர்களுள் ஆர்மீனியரான கோஜா பெத்ரூஸ் உஸ்கான் ஒருவர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மீது 1726இல் மர்மலாங் பாலத்தைத் தம் செலவில் கட்டியவரும் பரங்கிமலைக்குப் படி அமைத்தவரும் இவரே. மெக்சிக்கோ வெள்ளிக்கும் சென்னை நகரின் கற்களுக்கும் இடையே இப்படி ஒரு கணக்கு இருக்கிறது.

துணி மட்டும் போகவில்லை. 17ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலிருந்து டச்சுக் கப்பல்களில் மனிதர்களும் அடிமைகளாக ஏற்றப்பட்டனர். மணிலாவின் அடிமைச் சந்தை வழியாக மெக்சிக்கோவின் புவேப்லா நகருக்குக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியப் பெண் ஒருவர், கத்தரீனா தே சான் யுவான் என்ற பெயரில் அங்கே வாழ்ந்து 1688இல் மறைந்தார். இவர் வட இந்தியாவைச் சேர்ந்தவர் என்று அக்கால நூல்கள் கூறுகின்றன. 'சீனா போப்லானா' எனப்படும் மெக்சிக்கோவின் புகழ்பெற்ற பெண்கள் உடையை இவரோடு இணைத்துச் சொல்வது பிற்காலக் கதைதான். ஆனால் ஆசியாவிலிருந்து வந்த எல்லோரையும் 'சீனர்' என்று அழைத்த ஒரு காலத்தின் தடம் அப்பெயரில் நிற்கிறது.

கைக்குட்டை அடையாளமானது

மெக்சிக்கோ விடுதலைப் போரின் தலைவர்களுள் ஒருவரான பாதிரியார் ஹோசே மரியா மொரேலோஸ் தலையில் துணி கட்டிய கோலத்திலேயே எங்கும் வரையப்படுகிறார். தீராத் தலைவலிக்காக அவர் அதைக் கட்டினார் என்பது வழக்கு. அவர் கொல்லப்பட்ட 1815ஆம் ஆண்டில்தான் மணிலாக் கப்பல் போக்குவரத்தும் நின்றது. அதன் பின் பெயர் மட்டும் தங்கிவிட, துணி உள்ளூரிலும் ஐரோப்பிய ஆலைகளிலும் உருவானது. குடியானவர் கழுத்திலும் நாட்டுப்புற ஆட்டக்காரர் கையிலும் அது இடம்பிடித்தது. மெக்சிக்கோ நகரின் தேசிய மாளிகைப் படிக்கட்டுச் சுவரில் டியேகோ ரிவேரா 1929இல் தொடங்கி வரைந்த வரலாற்று ஓவியத்திலும் மொரேலோசைத் தலைத்துணியோடு காணலாம். 1994 சனவரி 1 அன்று சியாபாஸ் மாநிலத்தில் கிளர்ந்தெழுந்த சபாத்தீஸ்தாக்கள் சிவப்புப் பாலியாகாத்தேயால் முகத்தை மறைத்திருந்தனர். அப்போதிருந்து அது பழங்குடி உரிமைக்கான சின்னமாகவும் ஓவியங்களில் வரத் தொடங்கியது.

ஒட்டுதலும் தீட்டுதலும்

வெவ்வேறு பொருட்களை ஒரே பரப்பில் சேர்ப்பது மெக்சிக்கோ நாட்டுப்புறக் கலைக்குப் புதிதன்று. விபத்திலோ நோயிலோ பிழைத்தவர்கள் நன்றிக்காகத் தகரத்தில் நிகழ்ச்சியை வரைந்து, கீழே சில வரிகள் எழுதித் தேவாலயத்தில் மாட்டுவர். கை, கால், கண், இதயம் ஆகிய வடிவங்களில் சிறு உலோகத் தகடுகளைச் சிலுவை மீது அறைவர். இவற்றுக்கு 'மிலாக்ரோ', அதாவது அற்புதம், என்று பெயர். விராரிக்கா பழங்குடியினர் பலகையில் தேன்மெழுகு பூசி, அதில் வண்ண நூலையும் மணிகளையும் பதித்து உருவங்கள் செய்கின்றனர்.

1920களில் எழுந்த மெக்சிக்கோ ஓவியத் தலைமுறை இவற்றைக் கோயில் மூலையிலிருந்தும் சந்தையிலிருந்தும் எடுத்து நவீன ஓவியத்தின் நடுவில் வைத்தது. ஃப்ரிடா காலோவின் 'சட்டம்' (1938) என்ற படம் இதற்குச் சிறந்த சான்று. அவர் தம் முகத்தை அலுமினியத் தகட்டில் வரைந்தார். அதன் மேல் பறவையும் பூவும் பின்புறமாகத் தீட்டிய நாட்டுப்புறக் கண்ணாடிச் சட்டம் ஒன்றைப் பொருத்தினார். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த நுட்பம் உடனே பிடிபடும். பெயர் தெரியாத கைவினைஞர் ஒருவரின் வேலையும் காலோவின் வேலையும் அங்கே ஒரே படமாக நிற்கின்றன. பிரெஞ்சு அரசு அதை 1939இல் விலைக்கு வாங்கியது. தாவீது அல்ஃபாரோ சிகெய்ரோஸ் மறுதிசையில் சென்றார். மோட்டார் வண்டிக்கு அடிக்கும் பைராக்சிலின் சாயத்தையும் தெளிப்பானையும் எடுத்துக்கொண்டு, தொழிற்சாலைப் பொருளும் ஓவியனின் பொருளே என்றார். கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தைப் போன்ற இடங்களில் புழங்கும் சாயமும் தகடும் ஓவியத்துக்குள் வருவதற்கான வாசலை அவர் 1930களிலேயே திறந்துவிட்டார்.

இந்தியாவுக்கு வந்த வழி

இம்முறையை மெக்சிக்கோவில் நேரில் கற்று வந்த இந்திய ஓவியர் சதீஷ் குஜ்ரால் (1925–2020). சிறுவயதிலேயே செவித்திறன் இழந்தவர். பிரிவினையின் துயரத்தை வரைந்து அறியப்பட்டவர். அவர் காலத்து ஓவியர் பலர் பாரிசுக்கும் இலண்டனுக்கும் போக, அவர் 1952இல் உதவித்தொகை பெற்று மெக்சிக்கோ நகருக்குச் சென்றார்; ரிவேரா, சிகெய்ரோஸ் ஆகியோரிடம் பயின்றார். திரும்பி வந்தவர் மண்டையோட்டையும் கள்ளிச்செடியையும் வரைந்துகொண்டிருக்கவில்லை. காகித ஒட்டோவியம், பீங்கான் ஓட்டுச் சுவரோவியம் எனச் சென்று, 1970களின் பிற்பகுதியில் எரித்த மரத்தில் சோழியும் மணியும் சேர்த்து, நம் கிராமக் கோயில் உருவங்களை நினைவூட்டும் படைப்புகளைச் செய்தார். குறியீட்டை விட்டுவிட்டு முறையை மட்டும் எடுத்துவந்தார் என்பதே அவரைப் பற்றிய சரியான மதிப்பீடாக இருக்கும்.

மற்றொரு வழி கவிஞர் ஒக்டாவியோ பாஸ். 1962 முதல் 1968 வரை இந்தியாவில் மெக்சிக்கோவின் தூதராக இருந்த அவர், சிம்லாவில் பிறந்த தமிழரான ஓவியர் ஜெ. சுவாமிநாதனின் நண்பர். சுவாமிநாதன் முன்னின்று அமைத்த 'குரூப் 1890' குழு 1963இல் தில்லியில் நடத்திய கண்காட்சியின் கையேட்டுக்குப் பாஸ் உரை எழுதினார். நேரு அதைத் திறந்து வைத்தார். பன்னிருவர் கொண்ட அக்குழுவில் சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற எம். ரெட்டெப்ப நாயுடுவும் இருந்தார். அவர் பின்னர் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தின் தொடக்க உறுப்பினர்களுள் ஒருவரானார். அதே 1963ஆம் ஆண்டில் சென்னையில் கே. சி. எஸ். பணிக்கர் சாதகக் கட்டம், எழுத்து, கணக்குக் குறி ஆகியவற்றைக் கொண்டு 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைத் தொடங்கினார். பணிக்கர் மெக்சிக்கோவைப் பின்பற்றியவர் அல்லர். ஆனால் அயல்நாட்டுப் பாணியைக் கடன் வாங்காமல் வீட்டுப் பெட்டியிலுள்ள ஓலையைத் திறந்து பார்ப்பது என்ற முடிவுக்கு இருவேறு நாட்டினரும் தனித்தனியே வந்து சேர்ந்தனர்.

திருவள்ளூரில் தேட வேண்டியவை

மெக்சிக்கோ பாணி இன்று ஓவிய வகுப்புகளிலும் இணையக் காணொளிகளிலும் ஒரு மாதிரியாகச் சுருங்கிவிட்டது. மண்டையோட்டு அச்சை வைத்து வண்ணம் நிரப்பி, ஓரத்தில் மணி ஒட்டினால் பாடம் முடிந்தது. அந்த மாதிரியில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் பாதி நமக்குப் பழக்கமானவையே.

மிலாக்ரோவை எடுத்துக்கொள்வோம். திருவள்ளூர் வைத்திய வீரராகவப் பெருமாள் கோயிலில் நோய் தீர வேண்டிக்கொள்வோர் உடல் உறுப்பு பொறித்த தகடுகளை வாங்கிச் செலுத்துகின்றனர். வைத்தீசுவரன் கோயிலிலும் வேளாங்கண்ணியிலும் இதே வழக்கம் உண்டு. இரண்டு கண்டங்களிலும் வெவ்வேறு சமயத்தார் ஒரே அளவுத் தகட்டில் ஒரே கண்ணை, ஒரே காலைத் தட்டுகின்றனர். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று சொல்ல இடமில்லை. உடம்பு நோகும்போது மனிதர் செய்வது எங்கும் ஒன்றுபோல இருக்கிறது.

எலும்புக்கூட்டின் கதை சற்று வேறு. பழவேற்காட்டில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு நிற்கின்றன. வாழ்வு நிலையாது என்று காட்ட ஐரோப்பியர் கையாண்ட உருவம் அது. மெக்சிக்கோவில் இதே ஐரோப்பிய உருவம் அஸ்டெக் மக்களின் மண்டையோட்டு வழக்கத்தோடு கலந்து, ஹோசே குவாதலூப்பே போசாதாவின் கையில் தொப்பி அணிந்து சிரிக்கும் கத்ரீனாவாக மாறியது. அங்கே அது மக்களின் கேலிக்கும் விழாவுக்கும் உரியதாயிற்று. பழவேற்காட்டில் அது கல்லறை வாயிற்காவலாகவே நின்றுவிட்டது. உள்ளூர்க் கலையில் கலக்கவில்லை. அடிமை வணிகமும் செய்த ஒரு நிறுவனத்தின் சின்னத்தை ஊர் ஏற்காததில் வியப்பு என்ன இருக்கிறது?

செண்டுமல்லியோ எதிர்த்திசையில் வந்தது. மெக்சிக்கோவில் 'செம்பசூச்சில்' எனப்படும் இப்பூ அங்கே நவம்பர் தொடக்கத்தில் இறந்தோரை வழிகாட்டி அழைத்துவர வைக்கப்படுகிறது. ஐரோப்பியர் வழியாக இந்தியாவுக்கு வந்த அது நம் மாலைக் கடைகளில் எத்தனை இயல்பாகக் கலந்துவிட்டதென்றால், அதை அயல்நாட்டுப் பூ என்று யாரும் நினைப்பதில்லை. பாலியாகாத்தேயை மெக்சிக்கோ மக்கள் நினைப்பதும் அப்படித்தான்.

பழவேற்காட்டில் அந்நெசவு இன்று இல்லை. 1825இல் ஊர் ஆங்கிலேயர் வசமானபோதே துறைமுகத்தின் பெருமை போய்விட்டிருந்தது. இன்று அது மீன்பிடிக்கும் ஊர். திருவள்ளூர் மாவட்டத்தின் தறிச்சத்தம் மேற்கே பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் கேட்கிறது. மெக்சிக்கோச் சந்தையில் இன்று விற்கும் பாலியாகாத்தே பெரும்பாலும் ஆலையில் அச்சிட்டது. அதில் காணப்படும் மாங்காய் வடிவம் காசுமீரச் சால்வைகளைப் பார்த்து ஐரோப்பிய ஆலைகள் எடுத்துக்கொண்டது. பழவேற்காட்டு நெசவின் கட்டத்தைப் பார்க்க விரும்பும் ஓவியர், மலேசியாவிலிருந்து ஒரு பெலேக்காட் கைலியை வரவழைத்து விரித்துப் பார்க்கலாம்.