முந்திரிக்கு நிலக்கடலை உறவா? ஐ.ஜி.இ தரும் விடை

தஞ்சாவூர்–புதுக்கோட்டைச் சாலையில் ஆதனக்கோட்டையைக் கடப்பவர்கள் வறுத்த முந்திரி வாங்காமல் போவது அரிது. அவ்வூர் இருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்துப் புஞ்சைகளில் நிலக்கடலையும் விளைகிறது. இரண்டில் ஒன்று ஒத்துக்கொள்ளாதவரிடம் மற்றதையும் தொடாதே என்பது வழக்கம். புரதங்களின் அமைப்பைப் பார்த்தால் அந்த அறிவுரைக்கு வலுவில்லை. முந்திரி ஒவ்வாமை உள்ளவர் முதலில் அஞ்ச வேண்டியது பிஸ்தாவுக்கு.

காரணம், ஒவ்வாமையைத் தூண்டும் ஐ.ஜி.இ எதிர்ப்பான் பற்றும் விதத்தில் இருக்கிறது. அது புரதத்தை முழுதாக அறிவதில்லை. மேற்பரப்பில் ஏறத்தாழ 15 முதல் 20 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு திட்டையே தொடுகிறது. அவற்றிலும் சிலவே பிடியின் வலுவைத் தீர்மானிக்கின்றன. ஒரு பிடி மட்டும் போதாது. மாஸ்ட் செல் என்னும் நோய் எதிர்ப்புச் செல்லின் மேல் அமர்ந்த இரண்டு எதிர்ப்பான்களை ஒரே புரதம் இணைத்தால்தான், அறிகுறிகளைக் கிளப்பும் ஹிஸ்டமின் வெளியேறும். ஆக, ஒரு விதைக்கு உருவான எதிர்ப்பான்கள் இன்னொரு விதையிடம் ஏமாற, இரண்டு திட்டுகளாவது ஒத்திருக்க வேண்டும்.

முந்திரியின் ‘அனா ஓ 1’, நிலக்கடலையின் ‘அரா ஹெச் 1’ இரண்டும் விசிலின் வகைச் சேமிப்புப் புரதங்கள், மடிப்பும் ஒன்றே. 2002இல் வெளியான ஆய்வு ‘அனா ஓ 1’இல் ஐ.ஜி.இ பற்றும் 11 தொடர்களைக் கண்டது. அவற்றுள் பல, கடலைப் புரதத்தில் உள்ளவற்றுக்கு நேரான இடங்களிலேயே அமைந்திருந்தன; ஆனால் அமினோ அமிலங்கள் வேறு. இடம் ஒன்று, எழுத்து வேறு! மடிப்பைத் தாங்கும் உட்பகுதி பரிணாமத்தில் எளிதில் மாறுவதில்லை. வெளிப்பரப்பு தாராளமாக மாறுகிறது. எதிர்ப்பான் காண்பதோ வெளிப்பரப்பை. பிஸ்தாவின் விசிலினோ முக்கால் பங்குக்கு மேல் முந்திரியினதை ஒத்தது. இரண்டும் அனகார்டியேசி குடும்பம். மாமரமும் அக்குடும்பமே; ஆனால் இவை விதைப் புரதங்கள், மாம்பழச் சதையில் தேட வேண்டியவை அல்ல.

வறுத்தால் தீராதா? தீராது. 2005இல் விவரிக்கப்பட்ட ‘அனா ஓ 3’ என்னும் 2எஸ் அல்புமினை, சோதித்த 26 நோயாளிகளில் 21 பேரின் ஐ.ஜி.இ பற்றியது. நான்கு டைசல்பைடு பிணைப்புகள் இறுக்கிய அந்தச் சிறு புரதம் சூட்டையும் செரிமான நொதியையும் பெரிதும் தாங்கும்.

முந்திரி உடைக்கும் பெண்களின் கைகளில் வரும் புண் இந்த உணவு ஒவ்வாமையில் சேராது. ஓட்டின் எண்ணெயிலுள்ள அனகார்டிக் அமிலமும் கார்டாலும் தோலை நேரே அரிக்கும்; ஒவ்வாமையாக மாறும்போதும் அங்கே வேலை செய்வது டி செல்கள், ஐ.ஜி.இ அல்ல. அந்தக் கைகளுக்குத் தேவை உறையும் பாதுகாப்பும்.

முந்திரி ஒவ்வாமை உள்ளவரின் ரத்தம் கடலைச் சோதனையிலும் நேர்மறை காட்டுகிறதே என்று மறுக்கலாம். உண்மையிலேயே இரண்டுக்கும் தனித்தனியே ஒவ்வாமை கொண்டவர்கள் உண்டு. ஆனால் தாவரப் புரதங்கள் பலவற்றில் சைலோஸ், ஃபியூகோஸ் சேர்ந்த சர்க்கரைக் கிளைகள் ஒட்டியிருக்கின்றன. அவற்றுக்கு எதிரான ஐ.ஜி.இ சோதனைக் குழாயில் எல்லாச் செடியையும் பற்றும்; உடலில் பெரும்பாலும் அறிகுறி காட்டாது. கடலையை விலக்கச் சொல்லும் முன் முழுச் சாறுக்குப் பதிலாக ‘அனா ஓ 3’, கடலையின் ‘அரா ஹெச் 2’ ஆகியவற்றைத் தனித்தனியே அளந்து, நோயாளி இதுவரை எதை உண்டு என்ன நேர்ந்தது என்பதோடு ஒப்பிட வேண்டும்.