ஜெர்மனியின் கலைஞர் சமூகக் காப்பீடு

ஜெர்மனியில் தொழிலாளருக்கான மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் 1883-இலும் ஓய்வூதியச் சட்டம் 1889-இலும் வந்தன. சந்தாவில் ஒரு பங்கைத் தொழிலாளியும் மறுபங்கை முதலாளியும் கட்டினர். ஆனால், இன்று ஓர் ஊர், நாளை வேறோர் ஊர் என்று கச்சேரி செய்யும் இசைக்கலைஞருக்கு முதலாளி யார்? நெடுங்காலம் இக்கேள்விக்கு விடை இல்லை. சொந்தமாகத் தொழில் செய்த கலைஞர் பலர் முதுமையில் ஆதரவின்றித் தவித்தனர்.

1981-இல் மேற்கு ஜெர்மனி கலைஞர் சமூகக் காப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. அது 1983 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படி சந்தாவில் பாதியைக் கலைஞர் கட்டுகிறார். கச்சேரி அமைப்பாளர்கள், இசைத்தட்டு நிறுவனங்கள், பதிப்பகங்கள் போன்றவை செலுத்தும் தீர்வையிலிருந்து 30 விழுக்காடும் அரசிடமிருந்து 20 விழுக்காடும் கிடைக்கின்றன. அதாவது, கலைஞர்களை அமர்த்துவோர் அனைவரும் சேர்ந்து முதலாளியின் இடத்தில் நிற்கின்றனர். இத்தீர்வை செல்லும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 1987-இல் தீர்ப்பளித்தது.

ஆண்டுதோறும் டிசம்பர் 1-க்குள் கலைஞர் தம் அடுத்த ஆண்டு வருமானத்தை மதிப்பிட்டு எழுதித் தர வேண்டும். குறைத்து எழுதினால் சந்தா குறையும். பிற்காலத்தில் ஓய்வூதியமும் குறையும். எனவே, இப்படிவத்தை நிரப்புவதிலும் கருத்தாக இருப்பது கலைஞருக்கு நல்லது.