வடலூர் சத்திய ஞான சபைக்குள் என்ன இருக்கு? 7 திரை, ஒரு கண்ணாடி, ஒரு ஜோதி... வள்ளலார் போட்ட கண்டிஷன்கள் என்ன?

தைப்பூசம் வந்தால் போதும், கடலூர் மாவட்டத்தில் எல்லா ரோடும் வடலூரைப் பார்த்துத்தான் போகும். லட்சக்கணக்கான பேர் விடிய விடியக் காத்திருந்து பார்ப்பது கொஞ்ச நேரம்தான். ஒவ்வொரு திரையாக விலகும், கடைசியில் ஜோதி தெரியும், "அருட்பெருஞ்ஜோதி" என்ற குரல் மைதானம் முழுக்க எழும், திரை மறுபடி மூடிவிடும்.

சிலை கிடையாது. அபிஷேகம் கிடையாது. தேங்காய் உடைப்பது, கற்பூரம் காட்டுவது எதுவும் கிடையாது. அப்படியென்றால் சபைக்குள் என்னதான் இருக்கு? அதை யார் முடிவு பண்ணினது? அங்கே என்ன வைக்கலாம், என்ன வைக்கக்கூடாது என்ற கேள்வி ஏன் ஹைகோர்ட் வரை போனது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எங்கே இருக்கு? எப்போ கட்டினாங்க?

கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடி வட்டத்தில், குறிஞ்சிப்பாடிக்கும் நெய்வேலிக்கும் நடுவில் இருக்கிறது வடலூர். ராமலிங்க அடிகள் என்கிற வள்ளலார் 1823 அக்டோபர் 5-ல் சிதம்பரம் பக்கத்தில் உள்ள மருதூரில் பிறந்தவர். சென்னையில் வளர்ந்து, பிறகு இந்தப் பகுதிக்கே திரும்பி வந்து கருங்குழியில் தங்கினார்.

1867 மே 23-ல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பசி என்று வருகிறவர்களுக்குச் சாதி, மதம் கேட்காமல் சாப்பாடு. அன்றைக்கு மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அதற்குப் பிறகுதான் சபை வருகிறது. 1871-ல் கட்டுமான வேலை ஆரம்பித்து, 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று முதல் ஜோதி தரிசனம் நடந்தது.

இந்த வரிசை முக்கியம். முதலில் சோறு, அப்புறம்தான் வழிபாட்டு இடம்.

வெளியே இருந்து உள்ளே போனால் என்னென்ன இருக்கு?

அறிவிப்பு: புலால் சாப்பிடாமல், உயிரைக் கொல்லாமல் இருப்பவர்கள் மட்டும் உள்ளே வரவேண்டும் என்று வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். சாதி, மதம் பற்றி எந்த நிபந்தனையும் கிடையாது. இருக்கும் ஒரே நிபந்தனை இந்த ஜீவகாருண்யம்தான்.

இரும்புச் சங்கிலி: சபையைச் சுற்றி வேலி போல இரும்புச் சங்கிலி ஓடுகிறது. அதில் 21,600 வளையங்கள் இருப்பதாகச் சொல்வார்கள். மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சுக்கு மரபில் சொல்லப்படும் கணக்கு அது.

எண்கோணக் கட்டடம்: சபைக்கு எட்டுப் பக்கம். தாமரைப் பூ வடிவம் என்று சன்மார்க்கத்தினர் சொல்கிறார்கள். வாசல் தெற்கு பார்த்தது.

சிற்சபை, பொற்சபை: உள்ளேயே இந்த இரண்டு பகுதிகளும் இருக்கின்றன. பெயர்கள் சிதம்பரத்தை ஞாபகப்படுத்தும்.

ஏழு திரைகள்: ஒன்றுக்குப் பின் ஒன்றாக ஏழு நிறங்களில் தொங்குகின்றன.

கண்ணாடியும் ஜோதியும்: திரைகளுக்கு அப்பால் ஒரு பெரிய கண்ணாடி. சுமார் ஆறே முக்கால் அடி உயரம், நாலு அடிக்கு மேல் அகலம். சபையில் நிறுவுவதற்கு முன்னால் இதை மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்தில் ஒரு மண்டலம் வைத்து வள்ளலார் வழிபட்டதாக மரபு சொல்கிறது. அந்தக் கண்ணாடியோடு ஜோதி. அவ்வளவுதான் கருவறை.

ஏழு திரைக்கும் என்ன அர்த்தம்?

திரை என்றால் அலங்காரத்துக்கு இல்லை. உயிருக்கும் உண்மைக்கும் நடுவில் நிற்கும் மறைப்புகள் என்பது வள்ளலார் கொடுத்த விளக்கம். ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு சக்தியைக் குறிக்கும்.

கருப்பு - மாயா சக்தி
நீலம் - கிரியா சக்தி
பச்சை - பராசக்தி
சிவப்பு - இச்சா சக்தி
பொன் நிறம் - ஞான சக்தி
வெள்ளை - ஆதி சக்தி
கலப்பு நிறம் - சிற்சக்தி

முதலில் இருட்டான கருப்பு, முடிவில் எல்லா நிறமும் கலந்த திரை. இந்த மறைப்புகள் விலகினால் உள்ளே இருக்கும் ஜோதி தானாகத் தெரியும். அது எங்கேயோ இருந்து வருவது இல்லை, முன்பே அங்கே இருப்பது. படிக்கத் தெரியாதவர்களுக்கும் இது புரியும். விளக்கவுரை தேவையில்லை, திரை விலகுவதைப் பார்த்தால் போதும்.

சிதம்பரத்துக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

வள்ளலார் சின்ன வயதிலிருந்தே சிதம்பரம் நடராசர் மேல் உருகிப் பாடியவர். சிதம்பரம் சிற்சபையிலும் ஒரு திரை உண்டு. அதை விலக்கினால் சிலை தெரியாது, வெறும் வெளியும் பொன் வில்வ மாலையும்தான். அதுதான் சிதம்பர ரகசியம். அங்கே பொற்கூரையில் 21,600 ஓடுகள் என்பது மரபுக் கணக்கு. வடலூர் சங்கிலிக்குச் சொல்லப்படும் அதே எண்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. சிதம்பரத்தில் ரகசியத்துக்குப் பக்கத்திலேயே நடராசர் திருமேனியும், ஸ்படிக லிங்கமும், தினசரி பூஜையும் உண்டு. வடலூரில் வள்ளலார் அவை எதையும் வைக்கவில்லை. திரையையும் வெளிச்சத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டார். வடலூருக்கு அவர் வைத்த பெயர்களில் ஒன்று உத்தர ஞான சிதம்பரம்.

ஐரோப்பாவின் கோதிக் தேவாலயங்களில் இதே மாதிரி இருந்ததா?

வெளிச்சத்தையும் நிறத்தையும் வைத்து வழிபாட்டு இடம் அமைப்பது நம்ம ஊருக்கு மட்டும் உரியது இல்லை. பாரிஸ் பக்கத்தில் உள்ள சேன் டெனி மடாலயத்தில் சூழே என்ற மடாதிபதி, பெரிய ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி பதித்து 1144-ல் புதிய பகுதியைத் திறந்தார். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் மனதைக் கடவுளிடம் கொண்டுபோகும் என்பது அவர் எண்ணம். கோதிக் பாணி அங்கிருந்துதான் பரவியது. 1194 தீ விபத்துக்குப் பிறகு திரும்பக் கட்டப்பட்ட ஷார்த்ர் தேவாலயத்தின் வண்ண ஜன்னல்களில் பெரும்பாலானவை இன்றும் இருக்கின்றன.

அந்தப் பாணியைப் பின்னாளில் பின்பற்றிக் கட்டிய ஒன்றைப் பார்க்க பிரான்ஸ் போக வேண்டாம். கடலூரில் பஸ் ஏறினால் புதுச்சேரி ரயில் நிலையம் அருகே உள்ள திரு இருதய ஆண்டவர் பசிலிக்கா போதும்.

மத்திய காலத் தேவாலயங்களில் மக்கள் நிற்கும் இடத்துக்கும் பலிபீடத்துக்கும் நடுவில் மரத்திலோ கல்லிலோ ஒரு தடுப்பு இருக்கும். தவக்காலத்தில் உருவங்களைத் துணி போட்டு மூடுவார்கள். பாடகர் குழுவுக்கு மர இருக்கைகள், மேலே சிற்பங்கள், ஓவியங்கள் என்று உள்ளே நிறைய இருக்கும். 16-ம் நூற்றாண்டில் சீர்திருத்த இயக்கம் வந்தபோது, இவ்வளவு உருவங்கள் தேவையா என்ற சண்டை வெடித்தது. பல ஊர்களில் சிலைகளை எடுத்தார்கள், சுவர் ஓவியங்கள் மேல் சுண்ணாம்பு அடித்தார்கள்.

வழிபாட்டு இடத்துக்குள் எதை வைப்பது என்பது வெறும் அலங்கார விஷயம் இல்லை. எதை நம்புகிறோம் என்பதை அதுதான் காட்டுகிறது. வடலூரிலும் இதே சண்டை வந்தது.

வள்ளலார் எழுதி வைத்த கண்டிஷன்கள்

1872 ஜூலை 18-ல் சபை வழிபாட்டுக்கான விதிகளை வள்ளலார் எழுதிக் கொடுத்தார். அதில் இருக்கும் விவரங்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

விளக்கு: சபைக்குள் தகரக் கண்ணாடி விளக்குதான் வைக்க வேண்டும். பித்தளைக் குத்துவிளக்கு வேண்டாம். மேலே தொங்கவிடும் குளோப் விளக்கும் வேண்டாம். சாமி என்றாலே குத்துவிளக்கு என்று பழகிய ஊரில் இது சாதாரண விஷயம் இல்லை.

யார் உள்ளே போகலாம்: விளக்கை வெளியே ஏற்றி, 12 வயதுக்கு உட்பட்ட சிறுவர் கையிலோ 72 வயதுக்கு மேற்பட்ட பெரியவர் கையிலோ கொடுத்து உள்ளே வைக்கச் சொல்ல வேண்டும். பரம்பரை அர்ச்சகர் என்ற பேச்சே இதில் இல்லை. வயதுதான் தகுதி.

சுத்தம்: நாலு நாளைக்கு ஒரு தடவை உள்ளே தூசு துடைக்க வேண்டும். அதையும் அதே சிறுவர்களோ பெரியவர்களோ செய்ய வேண்டும். குளித்துவிட்டு, காலில் துணி சுற்றிக்கொண்டு, முட்டி போட்டபடியே துடைக்க வேண்டும்.

சாவி: சபைச் சாவி யார் கையிலும் வெளியே இருக்கக்கூடாது. அதை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, பெட்டியைப் பொற்சபைக்குள் வைக்க வேண்டும். பெட்டியின் சாவி மட்டும் காவல் பொறுப்பில் இருப்பவர் கையில்.

ஆசை: இந்த வேலைகளைச் செய்பவர்கள் காசு, இடம், சுகம் எதிலும் ஆசை இல்லாதவர்களாக இருக்க வேண்டும்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நோக்கம் தெளிவாகத் தெரியும். விலை உயர்ந்த பொருள் உள்ளே வரக்கூடாது. யாரும் இந்த இடத்துக்கு உரிமை கொண்டாடக்கூடாது.

கோர்ட் வரை போன பிரச்னை என்ன?

வள்ளலார் 1874 ஜனவரி 30-ல் மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்தில் அறைக்குள் சென்று கதவை மூடிக்கொண்டார். அதற்குப் பிந்தைய காலத்தில் சபையில் அர்ச்சகர் முறையும், உருவ வழிபாடும், வழக்கமான கோயில் சடங்குகளும் நுழைந்தன. எந்த இடத்துக்கு சிலை வேண்டாம் என்று அவர் முடிவு பண்ணினாரோ, அங்கேயே பூஜை நடந்தது.

இதை எதிர்த்து சன்மார்க்க அன்பர்கள் புகார் கொடுத்தார்கள். சபை இந்து சமய அறநிலையத் துறையின் நிர்வாகத்தில் இருப்பதால், துறை விசாரித்தது. இது வள்ளலாரின் கொள்கைக்கு எதிரானது, ஜோதி வழிபாடு மட்டுமே நடக்க வேண்டும் என்று 2006-ல் இணை ஆணையர் உத்தரவு போட்டார். அர்ச்சகர் தரப்பு சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2010 மார்ச்சில் நீதிபதி கே.சந்துரு அந்த உத்தரவை உறுதி செய்தார்.

தீர்ப்புக்கு அடிப்படையாக இருந்தது வள்ளலாரே எழுதி வைத்த விதிகள். விளக்கு தகரத்தில் இருக்க வேண்டும் என்பது வரைக்கும் அவர் எழுதி வைத்ததால்தான், 130 வருஷத்துக்கு மேல் கழிந்தும் "இங்கே சிலைக்கு இடமில்லை" என்று சட்டப்படி சொல்ல முடிந்தது.

பெருவெளியும் சபையில் சேர்ந்ததுதானா?

அடுத்த பிரச்னை சபைக்கு வெளியே. சபையைச் சுற்றி இருக்கும் திறந்த மைதானத்துக்குப் பெருவெளி என்று பெயர். பார்வதிபுரம் கிராம மக்கள் வள்ளலாருக்குக் கொடுத்த நிலம் இது. தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கான பேர் நின்று ஜோதி பார்ப்பதும் இங்கேதான்.

சுமார் 100 கோடி ரூபாயில் வள்ளலார் சர்வதேச மையம் கட்டும் திட்டத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. மையம் வந்தால் வள்ளலார் கருத்து உலகம் முழுக்கப் போகும், வருகிறவர்களுக்கு வசதியும் கிடைக்கும் என்பது அரசுத் தரப்பு. மையம் வரட்டும், ஆனால் வேறு இடத்தில் கட்டுங்கள், பெருவெளியைக் காலியாக விடுங்கள் என்பது எதிர்ப்பவர்கள் தரப்பு. அந்த ஏப்ரலில் பார்வதிபுரம் மக்கள் தோண்டிய பள்ளத்தில் இறங்கிப் போராடினார்கள். விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனது.

உள்ளே சிலை வைக்கலாமா என்பது பழைய கேள்வி. வெளியே கட்டடம் கட்டலாமா என்பது புதிய கேள்வி. இரண்டிலும் விஷயம் ஒன்றுதான்: காலியாக விட்ட இடமும் வழிபாட்டின் பகுதியா, இல்லையா?

ஜோதி தரிசனம் எப்போ பார்க்கலாம்?

மாதப் பூசம்: ஒவ்வொரு மாதமும் பூச நட்சத்திரத்தன்று இரவு ஆறு திரைகளை விலக்கி தரிசனம் காட்டுவார்கள்.

தைப்பூசம்: வருஷத்தில் இந்த ஒரு நாள் மட்டும்தான் ஏழு திரைகளும் விலகும். காலை 6, 10, பகல் 1, இரவு 7, 10, மறுநாள் காலை 5.30 என ஆறு முறை தரிசனம். முந்தின நாள் கொடியேற்றம்.

திருஅறை தரிசனம்: தைப்பூசம் முடிந்து இரண்டு நாள் கழித்து, மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்தில் நடக்கும்.

எப்படிப் போவது: கடலூர் - விருத்தாசலம் ரயில் பாதையில் குறிஞ்சிப்பாடிக்கு அடுத்து வடலூர் ஸ்டேஷன். கடலூர், சிதம்பரம், நெய்வேலி, பண்ருட்டியில் இருந்து பஸ் வசதி உண்டு. சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். எந்த நாள் போனாலும் தருமச்சாலையில் பந்தி உண்டு.