கல்வராயன் மலையின் கரிமக் கணக்கு

ஒரு மனிதரோ ஓர் ஊரோ உண்பது, எரிப்பது, பயணிப்பது, வாங்குவது ஆகிய அனைத்தாலும் காற்றில் சேரும் பசுங்குடில் வாயுக்களைக் கரியமில வாயுவின் எடைக்கு ஈடாக்கிக் கூட்டிச் சொல்லும் அளவே கரிமத் தடம் எனப்படுகிறது. இந்த அளவுகோல் இருபதாண்டுகளுக்கு முன்புதான் பொதுவழக்கிற்கு வந்தது. ஆயினும் காட்டின் கரிமம் யாருக்காக எரிந்தது என்னும் கேள்விக்குக் கல்வராயன் மலையும் அதன் அடிவாரச் சமவெளியும் நெடுங்காலமாகவே சான்றாக நிற்கின்றன.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இம்மலை, 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர், சரிவுகளில் புதரை வெட்டி எரித்து நிலத்தைக் கொத்தி விதைக்கும் கொத்துக்காட்டிலும், சமதளங்களில் ஏர் பூட்டும் உழவுக்காட்டிலும் சாமை, தினை, கேழ்வரகு போன்ற தானியங்களை விளைவித்தனர். கொத்துக்காட்டில் இட்ட தீ கரிமத்தை வெளியேற்றியது உண்மையே. எனினும் நிலத்தைப் போதிய ஆண்டுகள் தரிசாக விட்டவரை, மீண்டும் தழைத்த மரமும் புதரும் அதில் பெரும்பங்கைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டன.

சமவெளியின் தேவை இத்தகைய சுழற்சிக்கு உட்பட்டதன்று. ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-இல் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய இரும்பாலை, சேலத்துத் தாதுவைக் காவிரி வழியே பரிசல்களில் இறக்கி, மரக்கரியால் உருக்கியது. பழைய முறைச் சூளையில் ஒரு டன் கரிக்கு ஏறத்தாழ ஐந்து டன் விறகு தேவைப்பட்டமையால், சுற்றுவட்டக் காடுகள் விரைவில் குன்றின. எரிபொருள் தட்டுப்பாடும் அவ்வாலை நலிந்ததற்கு ஒரு காரணமாயிற்று. 1856-இல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியபின், தண்டவாளக் கட்டைகளுக்கும் எஞ்சின் விறகுக்குமாக மேலும் மரங்கள் வெட்டப்பட்டன. அதே ஆண்டில் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக ஹியூ கிளெகார்ன் அமர்த்தப்பட்டார். எனினும் காட்டழிவுக்கான பழியின் பெரும்பகுதியை அக்கால அதிகாரிகள் மலைவாழ் உழவர் மீதே சுமத்தினர்.

1976-இல் ஜாகீர்தார் ஆளுகை நீங்கிக் கல்வராயன் மலை அரசின் நேரடி நிர்வாகத்தின் கீழ் வந்தபின், உணவுக்கென விளைந்த சிறுதானியங்களின் இடத்தில் சந்தைக்கென விளையும் மரவள்ளி பரவியது. கிழங்கு லாரியேறி ஆலைகளுக்குச் சென்று ஜவ்வரிசியாகி, அங்கிருந்து மகாராஷ்டிரம் போன்ற தொலைமாநிலங்களுக்குப் போகிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அதைக் கிழங்கு விளைந்த ஊரின் கணக்கில் எழுதுவதா, உண்பவரின் கணக்கில் எழுதுவதா என்பதே கரிமக் கணக்கியலின் அடிப்படைச் சிக்கலாகும். நுகர்வோர் கணக்கில் எழுதும் முறையே மேற்கண்ட வரலாற்றோடு பொருந்துகிறது.

ஆகவே விறகெரிக்கும் மலைவீட்டிற்குப் புகையில்லா அடுப்பு தருவது அங்குள்ள பெண்களின் உடல்நலத்திற்கு இன்றியமையாததாயினும், கரிமத் தடத்தைக் குறைக்கும் பொறுப்பு அதனோடு முடிவதில்லை. சமவெளி நகரங்கள் தம் மின்சாரம், வாகனம், நுகர்பொருள் ஆகியவற்றின் கணக்கைத் தாமே ஏற்றுக் குறைப்பதும், சாமையையும் தினையையும் கட்டுபடியாகும் விலைக்கு வாங்கி மலையின் பழைய வேளாண்மைக்குச் சந்தை அமைத்துத் தருவதுமே நேர்மையான தொடக்கமாகும்.