தேத்தண்ணி

தேநீர் என்ற சொல்லில் தேனைத் தேடுபவர்கள் உண்டு. அதில் தேன் இல்லை. சீனாவின் ஃபுஜியான் கரையோரத்து மின்னான் பேச்சில் இந்த இலைக்குப் பெயர் ‘தே’. 17ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர்கள் இலையோடு பெயரையும் கப்பலேற்றினார்கள். ஆங்கிலேயரின் ‘டீ’ அந்த வழியில் வந்தது. கான்டனிலும் சீனாவின் பிற பகுதிகளிலும் அது ‘சா’. மக்காவோவில் இருந்த போர்த்துகீசியர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். இந்தியின் ‘சாய்’, மலையாளத்தின் ‘சாயா’ எல்லாம் இந்தச் ‘சா’வின் கிளைகள்தான்.

தமிழ் ‘தே’யோடு இலையைச் சேர்த்துத் தேயிலை என்றது, நீரைச் சேர்த்துத் தேநீர் என்றது. இலங்கைத் தமிழர் வாயில் தண்ணியைச் சேர்த்துத் தேத்தண்ணி. எத்தனை வருஷம் குடித்தாலும் அலுக்காத இந்தப் பானத்துக்கு நான் கேட்ட பெயர்களில் மிக அழகானது இதுதான். நடுவில் விழும் அந்தத் ‘த்’தைப் பாருங்கள்: கடல் கடந்து வந்த சொல்லைத் தன் பிள்ளையாக்கிக்கொண்ட புணர்ச்சி அது. யாழ்ப்பாணத்தில் பாலில்லாத வெறும் தேத்தண்ணியைப் பனங்கட்டி கடித்துக்கொண்டு குடிப்பார்கள். மலேசியத் தமிழர் கேட்டு வாங்கும் ‘தே தாரிக்’கில் இருப்பதும் அதே மின்னான் ‘தே’.