வால்வுக் கரிப்படிவு
நேரடிப் பீய்ச்சல் பெட்ரோல் இன்ஜின்களில் உள்ளிழு வால்வின் முதுகில் கரி ஏறுவது. பழைய முறையில் பெட்ரோல் வால்வின் மேல் தெறித்து அதைக் கழுவிவிடும். நேரடிப் பீய்ச்சலில் எரிபொருள் நேரே சிலிண்டருக்குள் பாய்வதால், கிராங்க் பெட்டியிலிருந்து வரும் ஆயில் ஆவி சூடான வால்வில் சுண்டிக் கரியாகிறது. பாளையங்கோட்டையிலிருந்து சுலோச்சன முதலியார் பாலம் தாண்டி நெல்லை ஜங்ஷன் வரை மட்டுமே போய்வரும் காருக்கு, ஆயில் சூடேறுமுன் பயணமே முடிந்துவிடும். ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கி ஆவியைக் கூட்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் உதறல், பிக்கப் மந்தம் ஆகியவை அறிகுறிகள். டேங்கில் ஊற்றும் மருந்து வால்வை எட்டாது, விளம்பரம் என்ன சொன்னாலும். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்வை மூடிய நிலையில் வைத்து, அக்ரூட் ஓட்டுத் துகளைக் காற்றழுத்தத்தில் அடிப்பதே நம்பகமான வழி. கரி உதிரும், உலோகம் கீறாது. டொயோட்டா தன் டி-4எஸ் இன்ஜின்களில் வால்வின் மேல் தெளிக்கும் பழைய வகை இன்ஜெக்டரையும் கூடவே வைத்தது.